இன்ஜினுக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டுக்கு ஒரு ரயில் இன்ஜின் வருவதாக இருந்தது. பொம்மை இல்லை, கரி தின்று, தண்ணீர் குடித்து, ஊரைக் கூட்டிக் கூவுகிற நிஜ இன்ஜின். மற்ற வீடுகளில் கறவை மாடு வாங்குவதையும் கிணற்றுக்கு மோட்டார் வைப்பதையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த அறுபதுகளின் கடைசியில், எங்கள் வீட்டில் இன்ஜினை எங்கே கட்டுவது, யார் தீனி போடுவது என்றுதான் பேச்சு. பொய் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் என் இடது காதைப் பார்க்கலாம். அத்தாட்சி அங்கேதான் இருக்கிறது. காதுக்குப் பிறகு வருகிறேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் எங்கள் காடு. அப்பாவின் நிலமும் மாமாவின் நிலமும் பக்கத்துப் பக்கத்தில். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். இரண்டு நிலத்துக்கும் நடுவே நீளமாக ஒரு மண்மேடு போகும். ரயில்மேடு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அதன்மேல் ஒரு சின்ன ரயில் ஓடியதாம். மாட்டு வண்டியைவிடக் கொஞ்சம் வேகம். ஓடுகிற ரயிலிலிருந்து இறங்கி, நாலு புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு, ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்பார் அப்பா. உலகச் சண்டை வந்தபோது சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தையெல்லாம் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாவற்றையும் அல்ல. ஒன்றிரண்டு எப்படியோ ஊருக்குள்ளேயே தங்கிவிட்டன. எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு உத்திரமாக ஒரு தண்டவாளம் இருந்தது. மாமா வீட்டுக் கொட்டகையில் ஒன்று. எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

அப்பாவும் மாமாவும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். போகாமல் இருந்ததும் ஒன்றாகத்தான். சின்ன ரயில் வருகிற நேரத்தில் இருவரும் வகுப்பில் இருந்ததே இல்லையாம். ரயில் போன பிறகு இவர்களே ரயிலாகி மேட்டின்மேல் ஓடுவார்கள். அப்பா முன்னால், அவர்தான் ஊதல், 'கூஊஊ' என்பார். மாமா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். அவர்தான் சக்கரம், 'ஜக்கு ஜக்கு' என்பார். தண்டவாளம் பெயர்த்த அன்றைக்கு இரண்டு பையன்களும் சோறு தின்னவில்லை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு சிநேகம். வேறு இடங்களிலிருந்து வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிவிட்டு, மாமா தன் தங்கையை அப்பாவுக்கே கட்டிக்கொடுத்தார்.

அப்புறம் ஒரு மழைக்கு மாமா அந்த மேட்டின்மேல் கொள்ளு விதைத்தார். பாதி மேடு என்னுடையது என்று அப்பா நடுவில் கிளுவைக்குச்சி நட்டு வேலி போட்டார். நடு இது இல்லை, ஒரு சாண் என் பக்கம் தள்ளி வந்திருக்கிறாய் என்று மாமா பிடுங்கிப் போட்டார். அப்பா மறுபடி நட்டார். மாமா மறுபடி பிடுங்கினார். ஒரு சாண் நிலம்! அதில் ஒரு பூசணிக்காயை உருட்டிவிட்டால் நிற்க இடம் பத்தாது. இதில் பெரிய வேடிக்கை, அந்த மேடு இரண்டு பேருக்கும் சொந்தமே இல்லை. அது சர்க்கார் நிலம். ஊருக்கே தெரியும். ஆனால் அதை யாராவது வாய்விட்டுச் சொன்னால் இருவருமே அவர்மேல் பாய்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கடைசிவரை ஒற்றுமை. மற்றபடி பேச்சுவார்த்தை அடியோடு நின்றது. நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேனாம்.

ஆகையால் எனக்கு மாமா என்றால் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏர் ஓட்டுகிற ஓர் ஆள், அவ்வளவுதான். அம்மாவின் பிறந்த வீடு கூப்பிடு தூரம். கூப்பிடத்தான் ஆள் இல்லை. களத்தில் நின்றால் அந்த வீட்டு அடுப்புப் புகை தெரியும். "இன்னைக்கு அண்ணி நேரத்துலயே அடுப்புப் பத்த வெச்சிட்டாங்க" என்பார் அம்மா. என்னிடமும் இல்லை, அப்பாவிடமும் இல்லை, பொதுவாகச் சொல்வார். அப்பா காது கேட்காதவர் மாதிரி கயிறு திரித்துக்கொண்டிருப்பார்.

இப்போது காதுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். எனக்கு ஏழு வயசாகியும் குத்தவில்லை. அப்பா தரப்பில் சமாதானம் பேசிப் பார்த்தார்கள்: ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் பாலக்கோட்டில் இருக்கிறார், அவர் மடி போதாதா? அப்பா சொன்ன எதற்கும் மறுபேச்சுப் பேசாத அம்மா, இதில் மட்டும் அசையவில்லை.

"எங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் அங்க உக்காந்திருக்கையில ஊரான் மடி எதுக்குங்க? குத்துனா அது மடியில. இல்லீனா புள்ள மூளிக்காதாவே இருக்கட்டும்."

மூளிக்காதாகவே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் பெயரே அதுதான். பெரியவளான பிறகும் இப்படியே நின்றுவிட்டால் எவன் வந்து கேட்பான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அம்மா அதையும் விழுங்கிக்கொண்டு நடமாடினார். எனக்கோ அந்தச் சண்டை ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஊசி இறங்கியபோது அது போட்ட சத்தத்தை நேரில் கேட்டவள் நான். இவர்கள் பேசிக்கொள்ளாமலே இருக்கட்டும் சாமி என்று மாரியம்மன் கோவிலில் கண்ணை மூடி வேண்டிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் புது லைன் வந்தது. சேலத்திலிருந்து பெங்களூருக்கு, தருமபுரி வழியாக. பழைய சின்ன ரயிலைவிட அகலமான பாதை. அது எங்கள் மேட்டைச் சீந்தாமல் ஏரிக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. இரண்டு வீட்டிலும் தனித்தனியாக இதற்கு வருத்தப்பட்டார்கள். பிறகு ஒருநாள், ஜல்லி வண்டிகளை இழுத்துக்கொண்டு ஓர் இன்ஜின் மாரண்டஹள்ளி வரைக்கும் வந்து நிற்கிறது என்று சேதி வந்ததும், ஊர் மொத்தமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பியது.

நான் அதற்கு முன் தேரைப் பார்த்திருக்கிறேன். சந்தைக்கு வந்த யானையைப் பார்த்திருக்கிறேன். அவை எல்லாம் பெரிது என்று நினைத்துக்கொண்டிருந்தது எத்தனை பேதைமை என்று அன்றைக்குத் தெரிந்தது. முதலில் கண்ணில் பட்டது கறுப்பு. அத்தனை கறுப்பை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை. அதன் சக்கரம் அப்பாவின் நெஞ்சு உயரம் இருந்தது. அது சும்மாதான் நின்றது. ஆனால் சும்மா நிற்கும்போதே உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மூச்சு விட்டது, மெய்யாகவே மூச்சு விட்டது. வெறுங்காலின் கீழே தரை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. வயிற்றுக்கடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இரும்பின்மேல் விழுந்து 'சுர்' என்று காணாமல் போயிற்று. எண்ணெயும் கரியும் சுடுதண்ணீரும் சேர்ந்த அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் வரவழைத்துக்கொள்ள முடியும். யாரும் சொல்லாமலே நான் கைகூப்பினேன். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கூப்பியிருந்தார்கள்.

பெண்கள் கற்பூரம் ஏற்றினார்கள். எட்டின இடத்திலெல்லாம் குங்குமம் வைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போன ஒருவரை டிரைவர் மேலிருந்து அதட்டினார். அதட்டல் பலிக்காமல் போகவே, கயிற்றைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். அம்மாடி! அந்த ஊதல் என் எலும்புக்குள் போய் வெளியே வந்தது. கற்பூரத்தட்டு ஒரு பக்கம், கட்டுச்சோறு ஒரு பக்கம் என்று கூட்டம் ஏரிக்கரைவரை ஓடியது. சத்தம் அடங்கிப் பார்த்தால் இன்ஜினுக்கு அருகே நின்றவர்கள் சொற்பம். இடுப்பில் என்னை இடுக்கிக்கொண்டு அப்பா நின்றார். ஓடவே இல்லை.

சந்தையில் மாடு வாங்கப் போனால் அப்பா முதலில் மாட்டின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அதேபோல இன்ஜினின் விலாவில் வைத்தார். சுட்டிருக்கும். முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை. அவர் வாயிலிருந்து, அவருக்கே தெரியாமல் என்று நினைக்கிறேன், மெல்லியதாக வந்தது: "கூஊஊ."

இன்ஜினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "ஜக்கு ஜக்கு."

நான் இறங்கிக் குனிந்து சக்கரங்களின் இடைவெளியில் பார்த்தேன். அந்தப் பக்கம் மாமா. அவரும் தன் கையை இன்ஜினின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல வானத்தைப் பார்த்தார்கள்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது எந்த ஊருக்குப் போகும்ங்க?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இது கிழடுங்க. இந்த லைன் போட்டு முடிச்சிட்டா இதுக்கு வேலை கிடையாது. எங்கயாச்சும் நிறுத்திடுவாங்க. யாராவது வந்து கேட்டா ஓட்டிட்டுப் போகச் சொல்லிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார் என்பது ஏரிக்கரையில் நின்ற ஆடுகளுக்குக்கூடப் புரிந்திருக்கும். எங்கள் ஆட்களுக்குப் புரியவில்லை. காரணம் உண்டு. உழவுக்கு ஆகாத கிழட்டு மாட்டை, தீனி போட்டு வைத்துக்கொள்கிறேன் என்று யாராவது வந்து கேட்டால், சும்மாவே ஓட்டிக்கொண்டு போகச் சொல்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். உழைத்த மாட்டை வைத்து வியாபாரம் பேசமாட்டார்கள். இன்ஜினும் அப்படித்தானே என்று அப்பா எடுத்துக்கொண்டார். இன்ஜினுக்கு அந்தப் பக்கம் நின்ற மாமாவும் அப்படியேதான் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனார். மாமா தன் பக்கம் ஏற்கெனவே வந்து, எதையோ தேடுகிறவர்போல மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை மேட்டின் உச்சியில் ஏற்றிவிட்டார்.

"பாப்பா, உங்க மாமங்கிட்டச் சொல்லு. அது தண்ணி நெறயக் குடிக்கும்."

நான் திரும்பி, "மாமா, அது தண்ணி நெறயக் குடிக்குமாம்" என்றேன். மாமா நின்ற இடத்துக்கும் அப்பா நின்ற இடத்துக்கும் இடையே ஒரு மாடு படுக்கலாம், அவ்வளவுதான் தூரம். ஆனாலும் நான் சொன்ன பிறகுதான் மாமாவின் காதில் விழுந்தது.

"உங்கப்பங்கிட்டச் சொல்லு கண்ணு. அவுரு கெணத்துத் தண்ணி உப்பு. அத ஊத்துனா அது வயித்துக்கு ஆவாது. எங் கெணத்துக்கு ஓட்டியாரச் சொல்லு."

இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு தினமும் வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் மேட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் உச்சியில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சேர்ப்பேன். இன்ஜினுக்குக் கரிக்கு எங்கே போவது? கரி எதற்கு, கருவேலங்கட்டை போதும் என்றார் அப்பா. புளியங்கட்டைதான் நின்று எரியும் என்றார் மாமா. தண்ணீர் மாமா கிணறு, விறகு அப்பா பொறுப்பு என்று முடிவாயிற்று. மாமாவுக்கு அதை வேலை வாங்க வேண்டும்; தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு தருமபுரிச் சந்தைக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு அது ஆகாது. கிழட்டு ஜீவனை வேலை வாங்கக்கூடாது, அது பாட்டுக்கு நிற்கட்டும், அமாவாசைக்கு ஒருமுறை பத்தவைத்துக் கூவ விட்டால் போதும் என்றார். இதற்கு நாலைந்து சாயங்காலம் செலவானது. மாட்டுப் பொங்கலுக்கு அதற்கும் மாலை போட வேண்டும் என்பதில் சண்டை இல்லை. கழுத்து எது என்பதில்தான் சண்டை. புகைபோக்கிதான் கழுத்து என்று அப்பா. அது கொம்பு என்று மாமா. கொம்பென்றால் சாயம் பூசலாம், கழுத்தென்றால் மணி கட்டலாம். இரண்டையும் செய்துவிடலாம் என்று நான் இரண்டு பக்கமும் சொல்லி முடித்துவைத்தேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி பாயில் படுத்தால் அந்தக் கறுப்பு வந்து என் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும். "எங்க வூட்டுக்கு இன்ஜின் வருது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். மூளிக்காது என்ற பேச்சு அன்றோடு ஒழிந்தது. அதுவரை என்னைச் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள் இலந்தைப்பழம் கொண்டுவந்து கொடுத்து ஏறுவதற்கு இடம் பிடித்துவைத்தார்கள்.

அம்மா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே இல்லை. களி கிண்டுவார், எங்களுக்கு உருண்டை வைப்பார், அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொல்வதையெல்லாம் கேட்டுக்கொள்வார். ஒருநாள் நான் மேட்டுக்குக் கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கண்ணு, உங்கப்பாகிட்ட ஒண்ணு கேளு. எல்லாஞ் செரி, அத எங்க கட்டுவாங்கன்னு கேளு. உங்க மாமங்கிட்டயும் அதையே கேளு."

நான் போய் இரண்டு பக்கமும் கேட்டேன். கொட்டகையில் என்றார் அப்பா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அதன் மூக்குக்கூடக் கொட்டகைக்குள் போகாது. களத்தில் என்றார் மாமா. களத்து மண் தாங்காது, மழை பெய்தால் புதைந்துவிடும். கடலைக்காடு? புதையும். ஏரிக்கரை? உடையும். இடங்களாகச் சொல்லிக்கொண்டே வந்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். மண்ணை இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தி, இன்ஜின் நிற்பதற்கென்றே போட்ட இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா கீழே கிடந்த பழைய கிளுவைக்குச்சி ஒன்றை எடுத்து முறித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லு பாப்பா" என்றார் கடைசியில். "இனிமே வேலி போடறதில்ல. மேட்ட இன்ஜினுக்கு வுட்டுடறேன்னு உங்க மாமங்கிட்டச் சொல்லு."

நான் திரும்பி வாயைத் திறப்பதற்குள் மாமா என்னைத் தாண்டிப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுச்சு மாப்ளே. எனக்கும் கொள்ளு வேணாம். நானும் வுட்டுடறேன்."

"செரி மச்சான்" என்றார் அப்பா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையில் இருந்த பேச்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி நான் எதற்கு? வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் புகார் சொன்னேன்: அவங்களே பேசிக்கறாங்க. அம்மா கையிலிருந்த துடுப்பைக் களிச்சட்டியிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து மேட்டைப் பார்த்தார். அன்று களி அடிப்பிடித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. மேட்டில் முளைத்திருந்த முள்ளையெல்லாம் வெட்டினார்கள். இன்ஜின் வெறுந்தரையில் நிற்காது என்று மாட்டுக்கொட்டகைகளைப் பிரித்தார்கள். எங்கள் கொட்டகை உத்திரத்தை ஊர் ஆட்கள் தோள்கொடுத்துத் தூக்கி வந்தார்கள். மாமா கொட்டகை உத்திரம் அந்தப் பக்கமாக வந்தது. உத்திரத்துக்குப் பதில் இரண்டு வீட்டிலும் பனங்கட்டை. எங்கள் பக்கம் ஒரு தண்டவாளம், மாமா பக்கம் ஒரு தண்டவாளம். சின்ன வயசில் கால் வைத்து ஓடிய ஞாபகத்தில், அளவெல்லாம் எதற்கு என்று பக்கத்தில் பக்கத்தில் பதித்தார்கள். அந்தி வெயில் அதன்மேல் பட்டபோது துருவெல்லாம் செம்பாக மின்னியது. எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற பாதையிலிருந்து ஒரு துண்டை யாரோ வெட்டி எங்களுக்கென்று வைத்த மாதிரி இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் சத்தமில்லாமல் சுற்றி நின்று பார்த்தோம்.

மறுநாள் அப்பா புது லைனுக்குப் போய், ஒரு கயிற்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். எங்கள் தண்டவாளத்தின்மேல் வைத்துப் பார்த்தால் முடிச்சு வெளியே தொங்கியது. புது லைன் இன்ஜினுக்குச் சின்ன ரயில் அகலம் பத்தவில்லை. எவ்வளவு பத்தவில்லை என்று மாமா கையை விரித்து வைத்துப் பார்த்தார்.

சரியாக ஒரு சாண்.

கூழ்ச்சட்டியோடு வந்திருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். எந்த ஒரு சாணுக்காகக் குச்சி பிடுங்கினார்களோ அதே ஒரு சாண். யார் பக்கம் போவது?

"என் தண்டவாளத்த நான் இந்தப் பக்கம் நவுத்திக்கறேன் மாப்ளே" என்றார் மாமா.

"எதுக்கு மச்சான்? எம்பக்கம் எடம் நெறயக் கெடக்குது. நான் நவுத்தறேன்."

"நான் நவுத்தறேன்னு சொன்னா வுடேன்!"

"நீ எதுக்கு வுடணும்? நான் வுடறேன்!"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டால் கையிலிருந்த கடப்பாரைகளையே தூக்கியிருப்பார்கள். அம்மா சட்டியைக் கீழே வைத்தார். மாமாவின் முகத்தைப் பார்த்து அவர் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை.

"அண்ணா, ஆளுக்கு அர சாண் நவுத்துங்க. நவுத்திட்டு வந்து கூழக் குடிங்க, ரெண்டு பேரும்."

ஆளுக்கு அரைச் சாண் நகர்த்தினார்கள். அப்புறம் அவரவர் தண்டவாளத்தில் எதிரெதிராக உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். அவர்களுக்குச் சொந்தமில்லாத மேட்டில், அவர்களுக்குச் சொந்தமில்லாத இன்ஜினுக்கு, இரும்பு மட்டும்தான் அவர்களுடையது. அதுவும் எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது.

இனி இன்ஜின் வருவதுதான் பாக்கி என்று நான் நாள்தோறும் மேட்டில் போய் நின்றேன். அப்போதுதான் அம்மா ஆரம்பித்தார். இன்ஜின் வந்து நிற்கிற இடத்தில் முதலில் ஒரு நல்ல காரியம் நடந்தால் தேவலை என்றார். என்ன நல்ல காரியம் என்று நான்தான் வெகுளியாகக் கேட்டேன். மாமா என் மோவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"கம்மல் போடாத புள்ளைய டிரைவர் இன்ஜின்ல ஏத்த மாட்டாரே கண்ணு. சட்டம் அப்படி."

சட்டமாம்! நான் அப்பாவைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினார். இத்தனை நாள் என்னைக் காப்பாற்றிய மாரியம்மன் கைவிட்டுவிட்டாள் என்று தெரிந்தது. ராத்திரி முழுக்க யோசித்தேன். ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் அந்தக் கறுப்பு. காலையில் எழுந்து, சரி குத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்ஜினுக்காக ஒரு மனுஷி அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

மேட்டுக்குக் குறுக்கே வாழைமரம் கட்டினார்கள். மாமா வீட்டிலிருந்து தாம்பாளத்தில் சீர் வந்தது: பட்டுப்பாவாடை, வெல்லம், பொட்டுக்கடலை, சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல். அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஆசாரி எதிரே பலகை போட்டு உட்கார்ந்து சந்தனத்தால் என் காதில் இடம் குறித்தார். மாமா தன் பக்கத்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்து, மடியில் என்னை வைத்துக்கொண்டார். என் வாழ்நாளில் அந்த மடியில் உட்கார்வது அதுதான் முதல் தடவை. புகையிலை வாசம் வந்தது. பெண் பிள்ளைக்கு முதலில் இடது காது என்றார்கள். ஊசி பளபளத்தது. நான் கண்ணை எவ்வளவு இறுக்கி மூட முடியுமோ அவ்வளவு இறுக்கி மூடினேன்.

"பயப்படாத கண்ணு. இன்ஜின் வருது, இன்ஜின் வருது" என்றார் மாமா என் காதோரம்.

வந்தது! சத்தியமாக வந்தது. பின்னாலிருந்து "கூஊஊஊ" என்று ஓர் ஊதல், நெருங்கி நெருங்கி வந்தது. "ஜக்கு ஜக்கு ஜக்கு ஜக்கு" என்று சக்கரம் உருண்டது. நான் உட்கார்ந்திருந்த இடமே நடுங்கியது, மாரண்டஹள்ளியில் என் காலுக்கடியில் தரை நடுங்கினதே, அதேபோல. "மடிய ஆட்டாதீங்க, மடிய ஆட்டாதீங்க!" என்று ஆசாரி கத்தினார். நான் ஊதல் வந்த பக்கம் தலையைத் திருப்பினேன். ஊசி இறங்கிவிட்டது, சந்தனம் வைத்த இடத்தில் இல்லை, அதற்கு மேலே. இன்றைக்கும் என் இடது கம்மல் ஒருபடி மேலே ஏறித்தான் நிற்கும்.

கத்திக்கொண்டே கண்ணைத் திறந்தேன். தண்டவாளம் காலியாகக் கிடந்தது. புகைகூட இல்லை. அப்பா எங்கள் பின்னால் நின்று மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. என் கழுத்தில் சூடாக ஏதோ சொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மாமா. அம்மா இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே நின்று, வாயைப் பொத்தாமல், ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதுகொண்டிருந்தார். ஊசி குத்தியது எனக்கு. இவர்களுக்கு எங்கே வலித்தது என்று எனக்கு விளங்கவில்லை. என் அழுகையே நின்றுவிட்டது.

"இன்ஜின் எங்கம்மா?" என்றேன்.

அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அழுகையோடு சிரித்தார். "வந்துட்டுப் போயிடுச்சு கண்ணு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை நாள் காத்திருந்து, அது வந்து நின்று போன அந்த நேரம் பார்த்தா நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்? எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் அழுகிறார்கள். எனக்கு மட்டும் இல்லை. போன இன்ஜின் திரும்பி வந்துதானே ஆகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆசாரி வலது காதுக்கு ஊசியை எடுத்தபோது நான் கண்ணை மூடவில்லை, தலையை அசைக்கவில்லை, இமைகூடக் கொட்டவில்லை. தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வலது காதுத் துளை இவ்வளவு நேராக இருப்பது அதனால்தான்.